தேரைக்கு ஒரு பாதுகாப்பான தொட்டி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



மழை தொடங்கியதும் நம் பிள்ளைகள் தேரைகளைப் பிடித்து, பாதி வாளி தண்ணீரில் விட்டு வளர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் தேரை பெரும்பாலும் தரையில் வாழும் பிராணி. ஏறி உட்கார இடமில்லாவிட்டால் நீந்திக் களைத்து மூழ்கிவிடும்.

இன்னொன்று, தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அதன் தோலில் படும் குளோரின், சோப்பு, கொசு மருந்து, நம் கையில் இருக்கும் சானிடைசர் எல்லாம் அதன் உடம்புக்குள் போகக்கூடும். இதை நினைவில் வைத்தால் தொட்டி அமைப்பது எளிது.

2 அடி நீளம், 1 அடி அகலமுள்ள பழைய மீன் தொட்டி இரண்டு தேரைகளுக்குப் போதும். சோப்பு போடாமல் வெந்நீரில் கழுவுங்கள். உரம் கலக்காத கோகோபீட்டை நன்றாக அலசி, உப்பைப் போக்கி, பிழிந்து, 3 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். சிறு கூழாங்கல் வேண்டாம். இரையோடு சேர்த்து விழுங்கிவிடும். ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த மண்சட்டி. தண்ணீருக்கு ஆழமில்லாத மண் தட்டு; தேரையின் வயிறு நனைந்தால் போதும். கிணற்று நீர் நல்லது. குளோரின் போட்ட குழாய் நீரானால் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். தினமும் மாற்றுங்கள். மேலே வலை மூடி அவசியம். வெயில் விழும் பால்கனியில் வைத்தால் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும்.

அசையும் இரையைத்தான் தேரை பிடிக்கும். சோறும் பிஸ்கட்டும் அதற்கு உணவல்ல. மண்புழு, சிறு வெட்டுக்கிளி போதும். மருந்து அடித்த வீட்டுக் கரப்பான் மட்டும் கூடவே கூடாது.

தேரையைத் தொட்டால் மரு வராது. தூக்கும்போது அது பீய்ச்சுவது விஷமல்ல, உடம்பில் சேர்த்து வைத்த நீர். விஷம் இருப்பது கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். நாய் கடித்து நுரை தள்ளினால், தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயை ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மழைக்கு வெளியே வரும் தேரைகளில் பல முட்டையிட வந்தவை. இரண்டொரு நாள் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே மாலையில் விடச் சொல்லுங்கள். அடிபட்டதானால் தேறும்வரை வைத்திருக்கலாம். வேறு ஊர் ஏரியில் கொண்டுபோய் விடுவது உதவியல்ல. நோயும் கூடவே போகலாம். நம் ஊரில் சாதாரணமாகக் காணும் இதே தேரை மடகாஸ்கர் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது 2014-இல் தெரியவந்தது. அங்குள்ள உயிரினங்களுக்கு இன்று அது பெரிய அச்சுறுத்தல்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம் மழைநீர்க் குழிகளும் ஒருவகையில் பாதி வாளிதான். விழுந்த தேரை ஏற முடியாது. ஒவ்வொன்றிலும் சொரசொரப்பான ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் போதும், தானே ஏறி வந்துவிடும். அடுத்த மழைக்கு முன் இதைச் செய்துவிடலாம்.