எட்டாம் வகுப்போடு முடிந்துபோகும் இலவசம்

இன்னைக்கு எங்க வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அக்கா திண்டுக்கல் நாகல்நகர்ல இருக்காங்க. மாமாவுக்குப் பூட்டுப் பட்டறையில வேலை. 2015-ல அவங்க பொண்ணுக்கு ஒரு தனியார் பள்ளியில எல்கேஜி சீட் குலுக்கல்ல கிடைச்சுது. வீட்டுல ஒரே கொண்டாட்டம்.

அது ஆர்டிஇ சீட். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழை, ஒடுக்கப்பட்ட குடும்பக் குழந்தைகளுக்குத் தரவேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். தமிழ்நாட்டில் நலிந்த பிரிவுக்கான ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய்.

ஆனா புத்தகம், யூனிஃபார்ம், ஸ்மார்ட் கிளாஸ்னு வருஷா வருஷம் ரசீது வந்துச்சு. அக்கா சீட்டு கட்டிச் சமாளிச்சாங்க. எட்டாவது முடிஞ்சதும் பள்ளியில சொல்லிட்டாங்க: "ஒன்பதாவதுல இருந்து முழு ஃபீஸ்." சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

கென்யாவில் 2003-லேயே அரசுத் தொடக்கக் கல்வி இலவசம். ஆனாலும் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில், பக்கத்தில் போதுமான அரசுப் பள்ளி இல்லாததால், பலர் காசு கட்டித்தான் படிக்கவைக்கிறார்கள். நம்மூரில் அரசுப் பள்ளி இருக்கு. அதுமேல நம்பிக்கைதான் இல்ல. "கடன் வாங்கியாவது அங்கேயே படிக்கட்டும்"னு மாமா நின்னார்.

அப்போதான் ஒரு விஷயத்தைத் தேடிப் பார்த்துச் சொன்னேன். ஆர்டிஇ-யில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு. தனியார் பள்ளியிலேயே தொடர்ந்தால் இரண்டுமே கிடையாது.

2025 ஜூன்ல அவ அரசுப் பெண்கள் பள்ளியில சேர்ந்தா. அதே ஜூன்ல, மத்திய அரசு நிதி வராததால், புது ஆர்டிஇ சேர்க்கை தொடங்கவே இல்லை. அக்டோபர்லதான் தொடங்குச்சு. அதுவரை காத்திருந்த வீடுகளை நினைச்சுப் பாருங்க.

உங்க தெருவுல ஆர்டிஇ-யில் எட்டாவது படிக்கிற பிள்ளை இருந்தா, கடன் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் சொல்லுங்க. டிசி வாங்கும்போதே, ஆர்டிஇ-யில் படித்ததற்கான சான்றையும் எழுதி வாங்கச் சொல்லுங்க.