செயற்கைக் காலும் வினாப்படிவமும்

நான் நேரே பொருளுக்கு வருகிறேன். பொருள் உங்களில் பலருக்குப் பழையது, என் கட்சியும் பழையதுதான். ஒவ்வொரு கருத்தரங்கிலும் வாதம் சூடேறும் நேரத்தில் தேநீர் இடைவேளை வந்துவிடும். இன்று அந்த இடையூறு இல்லை.

புகைத்தாயா, குடித்தாயா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று பள்ளி மாணவரைக் கேட்டு, அவர்கள் குறித்துத் தரும் விடைகளின் மேல்தான் இளையோர் நலத் திட்டங்கள் பல நிற்கின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991 முதல் ஈராண்டுக்கொரு முறை நடத்தும் கணக்கெடுப்பும், நம் நாட்டில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரிடையே நடக்கும் புகையிலை ஆய்வும் இந்த வகையே. பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்களா என்று கேட்டால் இந்த ஆய்வுகளை நடத்தும் நம் நண்பர்களிடம் ஆயத்த விடை ஒன்று உண்டு: சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் மறைப்பார்கள், மாதிரி பெரிதாக இருந்தால் இரண்டும் கழிந்து உண்மை எஞ்சும். இதைத்தான் நான் மறுக்கிறேன். பொய் எல்லா எண்களையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. கேட்கும் பொருள் எவ்வளவு அரிதோ அவ்வளவு ஆழமாகக் கெடுக்கும். மாதிரியைப் பெருக்குவதால் அது தீராது.

சான்று அமெரிக்காவின் ‘ஆட் ஹெல்த்’ ஆய்வு. வட கரோலினா பல்கலைக்கழகத்தவர் 1994-95இல் ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சுமார் 90,000 மாணவருக்குப் பள்ளியிலேயே வினாப்படிவம் கொடுத்தார்கள். பின்னர் அவர்களில் ஒரு பகுதியினரை வீட்டில் நேர்காணல் செய்தார்கள். செயற்கைக் கை, கால் பயன்படுத்துகிறாயா என்பது படிவத்தில் ஒரு கேள்வி. ‘ஆம்’ என்று குறித்தவர்களில் 253 பேர் வீட்டு நேர்காணலிலும் இடம்பெற்றார்கள். அங்கே அதே விடையைத் தந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர். மறதி என்று இதை விளக்க முடியாது; தனக்கு இரண்டு கால் இருப்பதை எவரும் மறப்பதில்லை. அச்சம், கூச்சம் என்றும் விளக்க முடியாது. இல்லாத ஊனத்தை இருப்பதாகச் சொல்ல எந்தச் சமூகமும் யாரையும் நெருக்குவதில்லை. கை தவறிக் கட்டம் மாற்றிக் குறித்தவர் சிலர் இருக்கலாம். மற்றது வகுப்பறைக் குறும்பு. பக்கத்து மேசைத் தோழன் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவே. வீட்டில், கேட்பவர் எதிரே அமர்ந்து காலைப் பார்க்கக்கூடிய இடத்தில், அந்தச் சிரிப்புக்கு வேலை இல்லை.

இதன் கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் மாணவரில் உண்மையாகவே செயற்கை உறுப்பு உள்ளவர் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் விளையாட்டாக ‘ஆம்’ என்றால் பொய்யர் நூறு பேர். ஆக ‘ஆம்’ என்ற 110 பேரில் நூறு பேர் பொய்யர். அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து மறைத்தாலும் பத்துதான் குறையும். கூட்டிச் சொல்வோர் பெருங்கூட்டத்திலிருந்து வருகிறார்கள், மறைப்போர் சிறு குழுவிலிருந்து வருகிறார்கள். இவை எப்படிக் கழியும்? மாதிரியை ஒரு லட்சமாக்கினால் பொய்யர் ஆயிரம் ஆவார்கள், விகிதம் அப்படியே நிற்கும், நம் நம்பிக்கை மட்டும் கூடும். மாறாக, பத்தாயிரத்தில் மூவாயிரம் பேரிடம் உள்ள பழக்கத்தைக் கேட்டிருந்தால் அதே குறும்பு எழுபது பேரைத்தான் சேர்க்கும். அதை யாரும் கவனிக்க வேண்டியதில்லை.

இன்னொரு கேடு இதைவிட நுட்பமானது. ஒரு கேள்வியில் விளையாடுபவன் அடுத்த கேள்வியிலும் விளையாடுவான். அதே ஆய்வில், தாம் தத்துப்பிள்ளை என்று பள்ளியில் குறித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தத்துப்பிள்ளை அல்லர் என்று வீட்டு நேர்காணலில் தெரிந்தது. குடி முதலிய தீமைகளை மிகையாகக் குறித்தவர்களும் அவர்களே. அவர்களை நீக்கியதும் தத்துப்பிள்ளைகளுக்கும் பிறருக்கும் இடையே தெரிந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்கியது. தத்தெடுத்த குடும்பங்கள் மேல் விழவிருந்த பழிக்கு ஒரு பகுதி காரணம் சில பையன்களின் சிரிப்பு.

அப்படியானால் பிள்ளைகளைக் கேட்பதையே விட்டுவிடலாமா? ஆம் என்போரில் ஒரு சாரார் எச்சிலையும் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்கிறார்கள். புகையிலையின் தடயமான கோட்டினின் உடலில் சில நாள்தான் தங்கும்; தற்கொலை எண்ணத்துக்கோ சோதனையே கிடையாது. கேட்கும் முறையை மாற்றினால் விடையும் மாறும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. 1977இல் எச்சிலைச் சோதித்தால் புகைப்பது தெரிந்துவிடும் என்று சிறுவர்களுக்குக் காட்டிய பிறகு, புகைப்பதாக ஒப்புக்கொண்டவர் கூடினார்கள். 1995இல் அமெரிக்கப் பையன்களிடம் தாளில் கேட்டபோது ஆணோடு உறவு உண்டு என்றவர் 1.5 விழுக்காடு, காதுக்கருவி வழியே கணினி கேட்டபோது 5.5. குறும்பு எண்ணைக் கூட்டுகிறது, கூச்சம் குறைக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒப்புகிறேன்: குறும்புக்காரர் என்று களையெடுக்கும்போது உண்மையான சிறுபான்மையினரையும் பிடுங்கிவிடுவோம். ‘ஆட் ஹெல்த்’ ஆய்வில் ஒருபால் ஈர்ப்பைச் சொல்லிப் பின்னர் மாற்றிச் சொன்னவர்கள் விளையாடினார்களா, அஞ்சிப் பின்வாங்கினார்களா என்ற வழக்கு 2014இல் எழுந்தது; இன்றும் எனக்கு அது தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஆகவே எவரையும் நீக்காத கணக்கோடு, நீக்கிய கணக்கையும் பக்கத்தில் தரலாம்.

நேரம் ஆகிவிட்டது; மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006-07இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நடந்த இளையோர் ஆய்வில், விடையை உறையிலிட்டு மூடித்தரும் வழியும் இருந்தது; அந்த முறையை நம் வகுப்பறையில் சோதித்துப் பார்க்கலாம். பக்கத்துத் தோழன் பார்க்காதபடி மேசைகளைத் தள்ளிப் போடுவது பற்றியும் யாரேனும் ஓர் ஆய்வேடு எழுதலாம். ஐரோப்பியப் பள்ளி ஆய்வுகள் ‘ரெலெவின்’ என்ற இல்லாத போதைப்பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். அடுத்த கணக்கெடுப்பை வடிவமைக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: அப்படி ஒரு பொய்ப்பெயரைச் சேருங்கள், அதற்கு ‘ஆம்’ என்றவர் எத்தனை பேர் என்பதை அறிக்கையின் முதல் அட்டவணையிலேயே அச்சிடுங்கள்.