பெயரும் முகமும் தெரிந்த இலை



வெளிநாட்டிலிருந்து மடத்துவெளிக்கு வந்து இறங்கியதும் இலைக்கஞ்சியும் குறிஞ்சா வறையும் கேட்காதவர் எங்களில் குறைவு. முசுட்டை, முல்லை, குறிஞ்சா, தூதுவளை, சாரணை எல்லாம் மழை கண்டதும் வேலியிலும் வெறுங்காணியிலும் தாமாகத் தழைப்பவை. அவற்றை இனங்காண அம்மம்மாமார் எங்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. ஆயப் போகும்போது கூடவே கூட்டிப் போனார்கள். இடப்பெயர்வோடு அந்த வழக்கம் பல குடும்பங்களில் அறுந்துவிட்டது. இன்று கைத்தொலைபேசிப் படத்தைப் பார்த்து இலை பறிக்கிறோம். வைத்தியராக எனக்குப் பயம் தருவது இதுதான்.

கார்த்திகைப்பூவை எல்லோருக்கும் தெரியும். அதன் கிழங்கைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கலப்பை போல வளைந்திருப்பதால் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். கொடி காய்ந்தபின் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். உண்ணும் கிழங்கு என்று எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டு நஞ்சேறியவர்கள் எங்கள் நாட்டில் இருக்கிறார்கள். அதிலுள்ள கொல்சிசின் அவித்தாலும் போகாது. சில மணித்தியாலங்களில் வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும். அடுத்த நாட்களில் சிறுநீரகமும் என்பு மச்சையும் பழுதடையலாம்.

ஆகவே சில நடைமுறைகளைச் சொல்கிறேன்.

தளிர், பூ, காய், கிழங்கு என்று எல்லாப் பருவத்திலும் அடையாளம் தெரிந்த செடியை மட்டும் பறியுங்கள். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். ஆடு தின்கிறது, குருவி கொத்துகிறது என்பது எங்களுக்கு அத்தாட்சி ஆகாது.

தெருவோரம், கழிவு வாய்க்கால், மருந்தடித்த தோட்டம் ஆகியவற்றில் பறிக்க வேண்டாம்.

ஆளில்லாத காணிக்கும் உரிமையாளர் உண்டு. கேட்டுப் பறியுங்கள். நுனியைக் கிள்ளுங்கள், வேரோடு பிடுங்கினால் அடுத்த மாரிக்கு அந்த இடத்தில் ஒன்றும் இராது.

புதிதாக ஒன்றை உண்பதானால் ஒருவகை மட்டும், சிறிதளவு. சாரணையில் ஒக்சலேற்று உண்டு. அவித்த நீரை வடித்து ஊற்றுங்கள். சிறுநீரக நோயாளர் அதைத் தவிர்ப்பது நல்லது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் குறிஞ்சாவை நாள்தோறும் உண்ணுமுன் தங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்; சீனி அளவுக்கு மிஞ்சிக் குறையலாம்.

தவறி எதையாவது உண்டுவிட்டால் உப்புக் கரைசல் குடித்து வாந்தி எடுக்க முயல வேண்டாம். உண்டதன் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தீவிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச்சேர நேரமெடுக்கும். குணங்குறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டின் நினைவாகப் பாடசாலை மதிலோரம் பத்து உணவுச் செடிகளைப் பெயர்ப்பலகையோடு நடுவோம். இலை தெரிந்த மூத்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்து பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்வோம். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.