ஒரு செடியும் மூன்று பெயர்களும்



பரமத்தி வேலூர்ப் பகுதியின் வெல்ல ஆலைகளை நம் மாவட்டத்தார் நன்கு அறிவர். கரும்புச் சாறு கொப்பரையில் காயக் காய நீர் ஆவியாகிறது. இனிப்பு செறிந்து வெல்லமாகிறது. குடம் நிறைந்த சாறு சில அச்சுகளுக்குள் அடங்கிவிடுகிறது. பொருளின் அளவு குறைந்ததேயன்றி, அதன் இனிப்பு குறையவில்லை. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, இளைஞர் பலரைக் கெடுத்துவரும் கஞ்சாவைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கஞ்சாச் செடியின் உறுப்புகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. இலையினின்று ஆக்கப்படுவது பாங்கு. பெண் செடியின் பூங்கொத்தே கஞ்சா எனப்படும். பூவின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் ஊறும் பிசினைத் தனியே திரட்டினால் அது சரஸ் ஆகும்; இமயமலைச் சாரலில் அதனைக் கையால் தேய்த்துத் திரட்டுவது பழைய வழக்கம். செடியின் சத்தைக் கரைப்பான்களால் பிரித்தெடுத்த சாரம் ஹஷீஷ் எண்ணெய் எனப்படுகிறது. இவை அனைத்திலும் மயக்கம் தரும் பொருள் ஒன்றே. டெட்ராஹைட்ரோகன்னபினால் என்னும் அதனை 1964-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான மெக்கூலமும் கயோனியும் தூய நிலையில் பிரித்துக் காட்டினர். வேறுபாடு செறிவில்தான் இருக்கிறது. இக்காலத்துச் சாரங்களில் அப்பொருள் 60 விழுக்காட்டையும் கடப்பதுண்டு.

"அளவோடு கொண்டால் தீங்கில்லை என்று ஆங்கில அரசின் ஆணையமே கூறியதன்றோ?" என்று சிலர் வாதிடுவர். 1893-94-இல் இந்தியாவெங்கும் விசாரணை நடத்திய அவ்வாணையம் அவ்வாறு கூறியது மெய்யே. மிகையான பயன்பாடு கேடு தரும் என்றும் அதுவே கூறிற்று. அதன் முன் இருந்தவை அக்காலத்து இலையும் பூவும் பிசினுமே. இன்றைய கடுஞ்சாரங்கள் அல்ல. பழைய தீர்ப்பைப் புதிய பொருளுக்குப் பொருத்துதல் அறிவுடைமை ஆகாது.

நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே அமைந்துள்ளது. ஹஷீஷ் எண்ணெயை அது சரசுடன் சேர்த்துள்ளது. வணிக அளவின் எல்லை கஞ்சாவுக்கு 20 கிலோகிராம். சரசுக்கு ஒரே கிலோகிராம். அவ்வெல்லையைக் கடந்தால் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை கடுங்காவல். சிறிய அளவின் எல்லையோ கஞ்சாவுக்கு 1,000 கிராம், சரசுக்கு 100 கிராம். அதற்கும் ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

மனித மூளை இருபத்தைந்து வயதையொட்டியே முழு வளர்ச்சி பெறுகிறது. செறிவு மிக்க வகைகளை நாள்தோறும் பயன்படுத்துவோர்க்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுதலென ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, "ஒரு துளிதானே" என்று எவரேனும் நீட்டினால், துளியின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள்; அதற்குள் அடங்கியிருப்பது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நண்பன் ஒருவன் ஏற்கெனவே சிக்கியிருந்தால் அவனை ஒதுக்காதீர்கள். நம்பத்தக்க ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அதுவே உண்மையான நட்பாகும்.