பற்றீரியா தந்த மூளைப் புரதம்



இளமையில் எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியரின் கையெழுத்து முத்துக் கோத்தாற் போன்றிருக்கும். அவர் ஓய்வு பெற்ற பின்னரும் ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு எனக்கு ஒரு கடிதம் எழுதுவார். சில ஆண்டுகளாக அக்கடிதங்களில் எழுத்துக்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாயிருக்கும் எழுத்து, வரி முடியுமுன் கடுகளவாகிவிடும். கடைசியாக வந்த கடிதத்தை எழுதியவர் அவருடைய மகள். தந்தைக்குப் பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர் கூறிவிட்டார் என்பதே அதன் செய்தி.

நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் அந்தக் கடிதம் என்னைப் பல நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது. அவ்வாறு படித்தபோது என்னை வியப்பில் ஆழ்த்திய ஒரு பொருளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது மனித மூளைக்குரிய ஒரு புரதம்; ஆனால் எந்த மனிதருடைய மூளையிலிருந்தும் எடுக்கப்படாதது.

1817ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தாம் கண்ட ஆறு பேரின் நிலையை விவரித்து, நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களுட் சிலர் தெருவில் அவர் கண்ணுற்றவர்களே. 1912இல் ஜெர்மன் நாட்டு அறிஞர் பிரிட்ஸ் லூவி, இந்நோயால் இறந்தோரின் மூளைக் கலங்களுக்குள் விசித்திரமான உருண்டைகளைக் கண்டார். அவை எதனால் ஆனவை என்ற வினாவுக்கு 85 ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை.

1997ஆம் ஆண்டு இரண்டு செய்திகளை ஒருங்கே கொணர்ந்தது. இத்தாலியில் கொண்டூர்சி என்ற ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் இந்நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அக்குடும்பத்தாரை ஆராய்ந்தவர்கள் ஒரு புரதத்தின் அமைப்பிற் சிறு பிழையொன்றைக் கண்டனர். அப்புரதத்தின் பெயர் அல்பா சினூக்ளீன். அது 140 அமினோ அமிலங்கள் வரிசையாய்க் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. அச்சங்கிலியின் 53ஆம் இடத்தில் ஒரேயோர் அமிலம் மாறியிருந்தது. அதே ஆண்டில், லூவி கண்ட உருண்டைகளுள் இந்தப் புரதமே நிறைந்து கிடப்பதை வேறோர் ஆய்வுக் குழுவினர் காட்டினர்.

ஆனால் நேயர்களே, ஒருவன் குற்றம் நடந்த இடத்தில் நின்றான் என்பதனால் மட்டும் அவனைக் குற்றவாளி என்று கூறிவிடலாமா? பாடசாலை அதிபராகிய நான் இதனை நன்கறிவேன். வகுப்பில் பெருங்கூச்சல் எழுந்தால் நாற்பது பிள்ளைகளும் ஒருவரையொருவர் சுட்டுவர். ஒவ்வொருவராகத் தனியே அழைத்து விசாரித்தாலன்றி உண்மை வெளிப்படாது. மூளைக் கலத்துக்குள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருங்கி வாழ்கின்றன. அல்பா சினூக்ளீனை மட்டும் தனியே பிரித்தெடுத்து விசாரிப்பது எங்ஙனம்?

இங்கேதான் பற்றீரியா துணைக்கு வருகிறது. நமது குடலிலே வாழும் ஈ. கோலி என்னும் நுண்ணுயிரின் தீங்கற்ற ஆய்வுகூட வகையொன்றை எடுத்துக்கொள்கின்றனர். இப்புரதத்தை ஆக்குவதற்கான மனிதப் பரம்பரை அலகின் பிரதியொன்றை டி.என்.ஏ. ஆலான ஒரு சிறு வளையத்திற் சேர்த்து, அதனைப் பற்றீரியாவினுட் புகுத்துகின்றனர். ஏற்ற சூழலில் 20 நிமிடங்களுக்கொரு முறை இரட்டிக்கும் அவ்வுயிர், தனக்குப் பயனற்ற அந்த மனிதப் புரதத்தை ஓயாது ஆக்கித் தருகிறது. நீரிழிவு நோயாளர்க்கு மனித இன்சுலின் கிடைக்கச் செய்ததும் இதே வழிதான். 1978இல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட அந்த இன்சுலின் 1982இல் மருந்தாக அனுமதி பெற்றது.

புரதத்தைத் தூய்மையாக்கும் முறைகளுள் ஒன்று நமது அடுக்களைக்கு அந்நியமானதன்று. பற்றீரியாக்களை உடைத்து, அந்தச் சாற்றைக் கொதிநிலை வரை சூடாக்குகின்றனர். முட்டையின் வெண்கரு வெந்து திரள்வது போல மற்றப் புரதங்களுட் பெரும்பாலானவை திரண்டு அடியில் தங்கிவிடுகின்றன. அல்பா சினூக்ளீன் மாத்திரம் நீரிற் கரைந்தபடியே நிற்கிறது. ஏனைய புரதங்களைப் போல இறுக மடியாது தளர்ந்து கிடப்பதே அதன் இயல்பு. ஆகையால் வெப்பம் அதனைக் குலைப்பதில்லை. எஞ்சிய அழுக்குகளையும் பின்னர் நீக்குகின்றனர். பற்றீரியாவின் நஞ்சு சிறிதளவு தங்கினாலும் பரிசோதனை பொய்ச்சாட்சி கூறிவிடும் அல்லவா?

இத்தூய புரதத்தை 37 பாகை செல்சியசில் பல நாட்கள் குலுக்கிக்கொண்டிருந்தால், தெளிந்த நீர் மெல்லக் கலங்குகிறது. தனித்தனியே நின்ற சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து இழைகளாகின்றன. சுண்டெலியின் சினூக்ளீனைக் கொண்டு இவ்வாறு ஆக்கிய இழைகளை, 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நோயற்ற சுண்டெலிகளின் மூளையிற் செலுத்தினர். லூவி கண்டவற்றை ஒத்த திரட்சிகள் கலத்திலிருந்து கலத்துக்குப் பரவின. டொபமைன் சுரக்கும் கலங்களும் மடிந்தன. தனியே நிறுத்தி விசாரித்தபோது இப்புரதம் உண்மையை ஒப்புக்கொண்டது எனலாம்.

நோயைக் கண்டறியவும் அது உதவுகிறது. நோயாளியின் முள்ளந்தண்டிலிருந்து எடுக்கும் தெளிந்த நீரிற் சிறிதளவைத் தூய புரதத்துடன் கலந்தால், உறை ஊற்றிய பால் தயிராவது போல அப்புரதம் திரளும். 1,100க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியாயிற்று. பார்க்கின்சன் நோயாளருள் நூற்றுக்கு 88 பேர் வரையில் இச்சோதனை நோயைச் சரியாகக் காட்டியது.

எனினும் மிகைபடக் கூறலாகாது. நோயுற்று இறந்தோரின் மூளையிலுள்ள இழைகளின் மடிப்பு, குழாயில் ஆக்கிய இழைகளின் மடிப்பினின்றும் வேறானது என்று கேம்பிரிட்ச் அறிஞர்கள் 2022இல் காட்டினர். ஆகவே மரணத்தின் பின் தம் மூளையை ஆய்வுக்கு வழங்கும் பெருமக்களின் கொடை இன்றும் இன்றியமையாதது.

சென்ற மாதம் என் ஆசிரியரைக் காணச் சென்றிருந்தேன். நான் அறிந்தவற்றையெல்லாம் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இது மருந்தா?” என்று வினவினார். “இல்லை ஐயா, ஆராய்ச்சிக்கு மட்டுந்தான். மனிதருக்குக் கொடுக்கலாகாது என்று குப்பியிலேயே எழுதியிருக்குமாம்” என்றேன். இன்றுள்ள மருந்துகள் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தணிப்பனவேயன்றி, நோயின் போக்கை நிறுத்துவன அல்ல என்பதையும் மறைக்காமற் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “விடை பிழைத்தால் முழுவதையும் அழிக்காதே, பிழைத்த வரியைத் தேடு என்று உங்களுக்குச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அவர்கள் வரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் போலும். எனக்கு உதவாவிட்டாலும், பின்னால் வருபவர்களுக்கு உதவும்” என்றார்.

நடுங்கும் கையினால் என் கையைப் பற்றி அவர் கூறிய அச்சொற்களையே உங்களுக்கும் கூறி விடைபெறுகிறேன்.