கண்ணாடிக் கண்

அருந்ததி ராயின் ‘சின்ன விஷயங்களின் கடவுள்’ 1997இல் வந்தபோது ஆபாசம்னு கேரளத்தில் வழக்குப் போட்டாங்க. எது ஆபாசம்? அய்மனத்துச் சிரியன் கிறித்தவ வீடு அது. சாக்கோ வெள்ளைக்காரியைக் கட்டினான். அம்மு வங்காளி இந்துவைக் கட்டினாள். பேபி கொச்சம்மா ஐரிஷ் பாதிரிமேல் ஆசைப்பட்டுக் கத்தோலிக்கராகவே மாறினாள். எல்லாத்தையும் முணுமுணுத்துக்கிட்டே வீடு செரித்தது. அம்மு பரவன் சாதி வெளுத்தாவைத் தொட்டதும்தான் பொய்ப்புகார், போலீஸ், கொலை. ஏழு வயசு எஸ்தாவை ‘ஆமாம்’ சொல்லவைத்து மூடினார்களே, அதுதான் குடும்ப ரகசியம். வெளுத்தா கட்சி உறுப்பினன். தோழர் பிள்ளை அதைப் போலீசிடம் வாய்திறக்கவில்லை.

காட்டிக்கொடுத்தது பெத்த அப்பன் வெள்ய பாப்பன். மம்மாச்சி காசில் வைத்த கண்ணாடிக் கண்ணைக் கழற்றி அவளிடமே நீட்டுகிறான். மகனைத் தன் கையாலேயே கொல்கிறேன் என்கிறான். அடிமைப்புத்தின்னு திட்டிட்டுப் போயிட முடியுமா? தன் காலடித் தடத்தைத் தானே பெருக்கி அழிக்கவைக்கப்பட்ட காலத்தைக் கண்டவன் அவன். அந்த ஒரு கண்ணுக்குள் எத்தனை தலைமுறைக் கடன்!

ஒரு குறை எனக்குண்டு. வெளுத்தாவின் உடம்பைப் பார்க்கிற அளவுக்கு மனசுக்குள் நாவல் போகவில்லை. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிஞ்சு குடிசையில் கிடக்கிறானே அண்ணன் குட்டப்பன், இந்தக் கதையை அவன் எப்படிச் சொல்லியிருப்பான்?