ஓங்கி அடிக்காமல் ஜெயித்தவர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் பேசப்போவது பிரகாஷ் படுகோனேயைப் பற்றி. தீபிகாவின் அப்பா என்றால் தம்பிகளுக்கு உடனே தெரிகிறது. எனக்குத் தீபிகா, பிரகாஷின் மகள்!

மூன்றாம் ஆண்டில் கல்லூரி ஷட்டில் டீமில் இருந்தேன். மண்டல இறுதிப் போட்டி. கடைசி சிங்கிள்ஸ் என்னுடையது, ஜெயித்தால் கோப்பை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்மாஷ்தான். உயரே வந்த காக்கையெல்லாம் அடித்தேன். மூன்றாவது கேமில் கையைத் தூக்கவே முடியவில்லை. தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தரும் என்னிடம் பேசவில்லை. பி.டி. சார் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எத்தனை ஸ்மாஷ் அடிச்சே தம்பி?" என்று கேட்டார்.

"எண்ணலை சார்."

"அவன் எண்ணிக்கிட்டே இருந்தான்" என்றார். அப்புறம் ஊர் வந்து சேரும் வரை பிரகாஷ் கதைதான்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் கனரா யூனியன் கல்யாண மண்டபம்தான் அவர் ஆடிப் பழகிய கோர்ட். கல்யாணம் நடக்கும் நாளில் ஆட்டம் கிடையாது. அங்கிருந்து கிளம்பியவர் 1971 முதல் 1979 வரை தொடர்ந்து ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1978-ல் எட்மண்டன் காமன்வெல்த் போட்டியில் தங்கம். 1980-ல் டென்மார்க், சுவீடன் ஓபன் பட்டங்களை வென்ற கையோடு ஆல் இங்கிலாந்துக்குப் போனார்.

வெம்பிளியில் இறுதி ஆட்டம். எதிரே இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங். 1978, 1979 இரண்டு வருடமும் கோப்பை அவருக்குத்தான். எகிறிக் குதித்து அந்தரத்தில் அடிக்கும் அவருடைய ஸ்மாஷுக்குப் பெயரே 'கிங் ஸ்மாஷ்'. அவரை பிரகாஷ் 15-3, 15-10 என்று நேர் கேமில் முடித்தார். சர்வீஸ் போட்டவருக்கு மட்டுமே பாயிண்ட் என்றிருந்த காலம் அது. முதல் கேமில் கிங்குக்குக் கிடைத்தது மூன்றே பாயிண்ட்!

எப்படி முடிந்தது? நான் பிறப்பதற்கு முந்தைய ஆட்டம் என்பதால் பதிவைத்தான் பலமுறை பார்த்தேன். காக்கின் எடை சுமார் ஐந்து கிராம், அதில் பதினாறு இறகு. எவ்வளவு வேகமாக அடித்தாலும் காற்று அதைப் பிடித்து இழுத்துவிடும். அதனால் பின்கோர்ட்டிலிருந்து அடிக்கும் ஸ்மாஷ் எதிராளியிடம் போய்ச் சேரும்போது பாதி உயிர்தான் இருக்கும். (எஞ்சினீயரைக் கூப்பிட்டால் இதையும் கேட்கத்தான் வேண்டும்.) பிரகாஷ் அந்தக் காற்றையே தன் பக்கம் சேர்த்துக்கொண்டவர். டாஸ், டிராப், அரை ஸ்மாஷ் எல்லாவற்றுக்கும் கை ஒரே மாதிரிதான் மேலே போகும். கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் வேறு முடிவு எடுக்கும். எதிராளி பின்னால் ஒரு அடி வைத்தபிறகுதான் காக் வலையோரம் விழுவது அவருக்குத் தெரியும். கிங் குதிப்பதற்கு வசதியான உயரத்தில் காக் அன்றைக்கு அதிகம் வரவே இல்லை.

இது மந்திரம் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டே அதே இறுதி ஆட்டத்தில், முதல் கேமை பிரகாஷ் எடுத்தும், கிங் மற்ற இரண்டையும் ஜெயித்துக் கோப்பையை வாங்கிப்போனார். பி.டி. சார் இதையும் மறைக்காமல் சொன்னார். அதே 1981-ல் கோலாலம்பூர் உலகக் கோப்பையில் சீனாவின் ஹான் ஜியானை பிரகாஷ் வென்றதையும் சொன்னார். பெங்களூரில் 1994-ல் பிரகாஷ் தொடங்கிய அகாடமியில் பயிற்சி எடுத்தவர்தான் கோபிசந்த். 2001-ல் ஆல் இங்கிலாந்து கோப்பை மறுபடி இந்தியாவுக்கு வந்தது அவரால்தான்.

அந்தக் கோப்பையை என்னால் நம் கல்லூரிக்கு வாங்கித் தர முடியவில்லை. அடுத்த வருடம் முழுக்க சார் என்னை ஸ்மாஷ் அடிக்கவே விடவில்லை. வெறும் டிராப், டாஸ். இறுதிவரைகூடப் போகவில்லை, அரையிறுதியில் தோற்றேன். ஆனால் அந்த ஆட்டத்தின் கடைசி பாயிண்டிலும் கை தூக்க முடிந்தது.

நாளை காலை ஏழு மணிக்கு முன்னாள் மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் ஷட்டில் ஆட்டம். சார் ஓய்வு பெற்றுவிட்டாலும் அம்பயராக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தம்பிகள் தயாராக வாருங்கள்.